கணினியைத் திணறடித்த பிஷப்

கேள்வி: நொடிக்கு லட்சக்கணக்கான நிலைகளை அலசும் கணினியும் சதுரங்கத்தில் கோட்டை விட்டதுண்டா?

பதில்: உண்டு. 1998-ல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் கிராண்ட்மாஸ்டர்கள் டோபலோவும் ஷிரோவும் ஆடிய ஆட்டமே சாட்சி. கறுப்புக் காய்களுடன் ஆடிய ஷிரோவுக்கு இரண்டு சிப்பாய்கள் கூடுதல். ஆனால் இருவரிடமும் மிஞ்சிய ஒற்றை பிஷப்புகள் வெவ்வேறு நிறக் கட்டங்களில் ஓடுபவை. இத்தகைய முடிவாட்டங்கள் பெரும்பாலும் டிராதான். 47-வது நகர்த்தலில் ஷிரோவ் தன் பிஷப்பை எச்3 கட்டத்தில், எதிரிச் சிப்பாயின் வாய்க்கே கொண்டுபோய் வைத்தார். இது வெறும் தானமல்ல. எஃப்5 கட்டத்தில் தன் ராஜாவுக்கே வழிமறித்து நின்ற பிஷப் விலகியது. வெட்டுவதில் வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் செலவானது. அந்த இடைவெளியில் கறுப்பு ராஜா இ4-ஐப் பிடித்தார். அதன்பின் இரண்டு சிப்பாய்கள் இரு பக்கமும் ஓட, ஒற்றை பிஷப்பால் இரண்டையும் தடுக்க முடியவில்லை. வெட்டாமல் விட்டிருந்தாலும் தோல்விதான்.

அன்றைய நிரல்கள் இதைக் காணத் திணறின. ஒவ்வொரு நிலையிலும் சராசரியாக முப்பதுக்கு மேற்பட்ட நகர்த்தல்கள். ஆழம் கூடக் கூடக் கணக்கு பெருவெள்ளமாகிறது. அதனால் காயை இழக்கும் கிளைகளை அன்றைய நிரல்கள் அதிகம் தோண்டவில்லை. இந்தத் தியாகத்தின் பலனோ பல நகர்த்தல் தள்ளித்தான் தெரிகிறது.

ஷிரோவின் அந்த நகர்த்தலுக்கு முந்தைய நிலையைப் பலகையில் அடுக்கிப் பாருங்கள். வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்பு: ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6.