ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கணும் சார்!

ஜோக்கைக் கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் சாதாரண ரசிகர்கள். தமாஷ் சார் ஜோக் வருவதற்கு முன்பே சிரிப்பவர். டிவி காமெடி மேடையின் ஓரத்தில் நைட்டியும் டோப்பாவும் மாட்டிக்கொண்டு ஓர் ஆண் எட்டிப் பார்த்தால் போதும். வசனம் வேண்டாம், கதை வேண்டாம். தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "வந்துட்டான்யா!" என்று வீட்டுக்கே அறிவிப்பார். நைட்டி போட்டவன் எதிரில் இருப்பவனின் கன்னத்தைத் தடவுவான். அவன் பதறிப் பின்வாங்குவான். பின்னணியில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். "அடப்பாவி, அவனா நீ?" என்று ஒரு கேள்வி. நடுவர்கள் மேஜையைக் குத்திக் குத்திச் சிரிப்பார்கள். அதற்குள் நம்மவர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இவரை உங்களுக்கும் தெரியும். தாம்பரத்தில் இருக்கிறார், தஞ்சாவூரில் இருக்கிறார், திருநெல்வேலியில் தெருவுக்கு இரண்டு பேராக இருக்கிறார். எங்கள் குடியிருப்பின் முதல் மாடியில் இருப்பவர் வருவாய்த் துறையில் ஆர்.ஐ.யாக, அதாவது வருவாய் ஆய்வாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் ஐஸ் பெட்டிக்குப் போன் போடும் முதல் ஆள் அவர்தான். பட்டா பெயர் மாற்றத்துக்கு யார் வந்து நின்றாலும் ஒரு பைசா வாங்காமல் மனு எழுதிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியைப் போட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார்.

ஒருநாள் கேட்டேன்: "சார், இது அந்த மாதிரி இருக்கிறவங்களைப் புண்படுத்தாதா?"

"ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கணும் சார். எடுத்துக்கத் தெரியலேன்னா அது அவங்க கோளாறு."

அடுத்த கேள்வி கேட்பதற்குள், "தவிர, நம்ம சைடுல அந்த மாதிரி யாரும் கிடையாது. இதெல்லாம் பாம்பே, பெங்களூரு சமாச்சாரம்" என்றார். முப்பது வருடம் ஊர் ஊராகப் போய் நிலக் கணக்குப் பார்த்தவர், மனிதர்களையும் கணக்கெடுத்துவிட்டார் போலிருக்கிறது.

சட்டம் பேசலாம் என்று பார்த்தால் அதிலும் அவர் வழுக்குவார். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு மனமொத்த பெரியவர்கள் விஷயத்தில் செல்லாது என்றது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வெள்ளைக்காரன் 1860இல் எழுதி வைத்த அந்தக் குற்றத்தை மறுபடி நீக்கினார்கள். இத்தனை புரட்டலிலும் தமாஷ் சார் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். 2018க்கு முன்னால், "சட்டப்படியே குற்றம் சார், கிண்டல் பண்ணினா என்ன?" பின்னால், "அதான் குற்றமில்லேன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே, இப்ப கிண்டல் பண்ணினா என்ன?"

ஒரே ஒரு தடவை அவரை அசைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற அரசு ஊழியரை அசைக்க வேண்டுமென்றால் நியாயத்தை எடுத்துக்கொண்டு போகக்கூடாது, அரசிதழை எடுத்துக்கொண்டு போக வேண்டும். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் காதல் ஜோடியான இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து உத்தரவு எழுதினார். இவர்கள் போன்றவர்களை எப்படிக் கண்ணியமாகக் குறிப்பிடுவது என்ற சொற்பட்டியல் அந்த வழக்கின் தொடர்ச்சியாக உருவாகி, 2022இல் தமிழ்நாடு அரசிதழில் வந்தது. இதைச் சொன்னதும் நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கெஜட்லயே வந்திருக்கா? தேதி என்ன?"

சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, "அது ஆபீஸ் கடிதப் போக்குவரத்துக்கு சார். காமெடிக்குப் பொருந்தாது" என்று கோப்பை மூடிவிட்டார். உயர் நீதிமன்ற நீதிபதிக்குப் புரியாமல் போய்ப் படித்துக்கொண்ட விஷயம், ஆர்.ஐ.க்குப் பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது.

அவர் கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாமியார், மாப்பிள்ளை, குண்டு, வழுக்கை, வாத்தியார், போலீஸ் என்று யாரையும் விடாமல் கிண்டல் செய்கிற ஊர் இது. ஒரு கூட்டத்தாரை மட்டும் 'இவர்களைத் தொடாதே' என்று ஓரமாக வைப்பதும் ஒருவகை ஒதுக்கல்தான். வெங்கட் பிரபுவின் 'கோவா' படம் 2010இல் வந்தது. அதில் ஜோடியாக வாழும் இரண்டு ஆண்கள் உண்டு. கேலியும் உண்டு. ஆனால் அந்த இருவருக்கும் பெயர் இருந்தது, ஊடல் இருந்தது, படம் முழுக்க ஒரு வேலை இருந்தது. டிவி மேடையில் வருகிறவனுக்கு இவை எதுவும் கிடையாது.

கிடையாது என்பதற்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. 2005 வாக்கில் 'கலக்கப் போவது யாரு' காமெடி நிகழ்ச்சி தொடங்கிய அலையில், ஒரு கலைஞனுக்குக் கிடைப்பது சில நிமிடம். அதற்குள் அரங்கம் சிரித்தாக வேண்டும். பாத்திரம் எழுத நேரமில்லை. பீரோவில் ஒரு சேலை இருக்கிறது. தன்பாலீர்ப்புள்ள ஆண், திருநங்கை, நளினமாக நடக்கும் சாதாரணக் குடும்பஸ்தர் என்று மூன்று வெவ்வேறு மனிதர்களை ஒரே நைட்டிக்குள் திணித்துவிட்டால் வேலை முடிந்தது. சினிமா காமெடி என்றால் தியேட்டரை விட்டுப் படம் போனதும் தானும் போய்விடும் என்று ஒரு காலத்தில் ஆறுதல் இருந்தது. இப்போது ஆதித்யா, சிரிப்பொலி என்று நாள் முழுவதும் துணுக்குக் காட்சிகளே ஓடும் சேனல்கள். கதை போய்விட்டது, படத்தின் பெயர் மறந்துவிட்டது, 'அவனா நீ' மட்டும் மதியச் சாப்பாட்டுக்கு ரசத்தோடு தினமும் வருகிறது.

சேலை கட்டுவதே தப்பு என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டு தமாஷ் சார் ஒருநாள் நாடக வரலாற்றையே இறக்கினார். "ஸ்திரீ பார்ட் போடாத நடிகன் உண்டா சார்? சிவாஜியே சின்ன வயசுல சீதையா நடிச்சவர்!" உண்மை. அவ்வையாராகவே வாழ்ந்து அவ்வை சண்முகம் என்று பெயர் வாங்கிய டி.கே. சண்முகமும் உண்டு. ஆனால் அந்தச் சீதையைப் பார்த்து ஜனம் அழுதது. அந்த அவ்வையைப் பார்த்துக் கும்பிட்டது. வேஷம் போட்டவர் பெண்ணாக நம்பப்படத்தான் அவ்வளவு மெனக்கெட்டார். இங்கே நம்பக்கூடாது என்பதற்காகவே மீசையை எடுக்காமல் வருகிறார்கள்.

திருநங்கைகளைக் கேலி செய்யும் சொல்லாகிவிட்ட ஒன்பது என்ற எண் படும் பாடு இருக்கிறதே, அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண் கிடைத்த பையன் வருடம் முழுக்க அதை இறக்கி வைக்க முடியாமல் அலைவான். தமாஷ் சாருக்கும் அந்த எண் என்றால் ஒரு கண்சிமிட்டல் வரும். ஆனால் அதே மனிதர் கார் வாங்கியபோது, பதிவு எண்ணின் கூட்டுத்தொகை ஒன்பது வந்தே தீர வேண்டும் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கூடுதலாகப் பணம் கட்டினார். செவ்வாய்க்கு உகந்த எண்ணாம்.

அவருக்கு மனம் புண்படாது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். சென்ற வருடம் ஒரு காமெடி நிகழ்ச்சியில், தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போட ஒரு ஆர்.ஐ. மேஜைக்கு அடியில் கை நீட்டுவதாக ஒரு காட்சி. அரங்கம் அதிர்ந்தது. தமாஷ் சார் டிவியை அணைத்தார். "ஜோக்குன்னாலும் ஒரு வரைமுறை வேணாமா சார்? ஒரு டிபார்ட்மென்ட்டையே கேவலப்படுத்தறான்!" சேனல்களில் திரையின் அடியில், நிகழ்ச்சி பற்றிய புகாரை எங்கே அனுப்பலாம் என்று ஒரு வரி ஓடுமே, 2011இல் ஒளிபரப்பாளர்களே சேர்ந்து ஏற்படுத்திய புகார்க் குழுவின் முகவரி, அதைப் படிக்கிற ஒரே தமிழர் இவராகத்தான் இருப்பார். மறுபடி டிவியைப் போட்டு, அந்த வரி திரும்பி வரும்வரை பேனாவோடு காத்திருந்து, முழு நீளத் தாளில் நான்கு பக்கம் எழுதினார். பார்வை ஒன்று, பார்வை இரண்டு எல்லாம் போட்டு.

2015இல் 'ஐ' படத்தில் தங்களை அருவருப்பாகக் காட்டியிருப்பதாகச் சென்னையில் திருநங்கைகள் போராடியபோது, "இதுக்கெல்லாமா ரோட்டுக்கு வர்றது?" என்றவர்தான். 2017இல் 'மெர்சல்' படத்துக்கு டாக்டர்கள் கோபப்பட்டபோது, "இருக்காதா பின்னே? படிச்சவங்க சார்" என்றார்.

என்னைக் கேட்டால், இந்த ஜோக்கில் மிகப் பெரிய அவமானம் வேறு. அதில் தன்பாலீர்ப்புள்ளவர் என்று ஒருவரே கிடையாது. உற்றுப் பாருங்கள். இருப்பதெல்லாம் பயந்துபோன ஓர் ஆண். இன்னோர் ஆணின் கை தோளில் பட்டுவிட்டால் உலகம் என்ன சொல்லுமோ என்று அலறுகிறவன். நாம் சிரிப்பது அந்த அலறலுக்கு. சிரித்துச் சிரித்து அந்தப் பயத்தை நாமும் கற்றுக்கொண்டுவிட்டோம்.

தமாஷ் சார் வீட்டு வரவேற்பறையில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மாட்டியிருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் கல்லூரிச் சுற்றுலா, கொடைக்கானல் ஏரிக்கரை. பெல்பாட்டம் போட்ட இரண்டு ஒல்லிப் பையன்கள்; ஒருவர் நம்மவர். ஒருவன் கை இன்னொருவன் இடுப்பைச் சுற்றியிருக்கிறது, மற்ற இரண்டு கைகளின் விரல்களும் பின்னிக்கொண்டிருக்கின்றன. அன்று நம் ஊர் ஆண்கள் எல்லாரும் அப்படித்தான் நடந்தார்கள். சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டே இரண்டாவது ஆட்டத்துக்குப் போய், திரும்பி வந்து ஒரே பாயில் படுத்துத் தூங்கினார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த இன்னொரு பையன் போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். தலை நரைத்து, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பேச்சு சுவாரஸ்யத்தில் தமாஷ் சாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நம்மவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "டேய், விடுடா. எவனாவது பாத்தா அவனா நீன்னு கேக்கப் போறான்." இருவரும் சிரித்தார்கள். கை மட்டும் திரும்பி வந்து இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கொள்ளும் கணக்கில் அவர் இந்த நஷ்டத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை.

இப்போது அவர் வீட்டுக்கு வாராவாரம் ஒரு விருந்தாளி. தங்கை மகன், பழைய மகாபலிபுரம் ரோட்டில் வேலை. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு மீன் குழம்புக்கு வருகிறான். மரியாதையான பையன். எனக்கும் சேர்த்துக் காபி கொண்டுவந்து வைப்பான். டிவியில் நைட்டி வரும், "வந்துட்டான்யா!" என்று தொடை அதிரும், இவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவான். அது முடிந்ததும் வருவான். அடுத்த நைட்டி வந்தால் அடுத்த தம்ளர்.

சோபாவின் மறுமுனையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் மாமி, அதாவது அவர் சம்சாரம், இதையெல்லாம் நிமிர்ந்து பார்க்காமலே பார்த்துக்கொண்டிருப்பார். மாமாவும் ஒருநாள் கவனித்துவிட்டார்.

"என்னடா, இப்பத்தானே குடிச்சே? இந்த வயசுல இவ்வளவு தாகம் ஆகாதுடா. நம்ம குடும்பத்துல சுகர் இருக்கு. நாளைக்கே வெறும் வயித்துல டெஸ்ட் எடு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லேன்னு நீ சொல்லாதே, லேப் சொல்லட்டும்."

விடவில்லை. தானே ஸ்கூட்டரில் கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்தார், தானே பணம் கட்டினார். பையன் மேல் உயிர் அவருக்கு. ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குடியிருப்பில் ஒவ்வொருவரிடமும் காட்டினார்.

அடுத்த ஞாயிறு மறுபடி நிகழ்ச்சி, மறுபடி நைட்டி, மறுபடி 'டொய்ங்'. பையன் எழுந்தான்.

"ரிப்போர்ட் நார்மல்தானேடா? அப்புறம் என்ன தாகம்?"

அவன் பதில் சொல்வதற்குள் மாமி வெங்காயத் தட்டைக் கீழே வைத்தார். "எனக்கும் தாகமாத்தான் இருக்கு" என்று எழுந்து அவன் பின்னால் போனார். ஊரிலிருந்து வந்திருந்த பையனின் அம்மா ஒரு நொடி பார்த்துவிட்டுத் தானும் எழுந்தார். நானும் காபித் தம்ளரைக் கழுவி வைக்கிற சாக்கில் கிளம்பினேன். அடுக்களையில் நான்கு பேர் நின்றுகொண்டு ஒரு குடம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூடத்தில் டிவி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அதன் சத்தம் குறைந்தது. தமாஷ் சார் போனில் பேசுவது கேட்டது:

"ஹலோ, லேபுங்களா? போன வாரம் வந்தேனே, ஆர்.ஐ. பேசறேன். வீட்ல எல்லாருக்குமே திடீர்னு தாகம் எடுக்குது சார். ஃபேமிலி பேக்கேஜ் எவ்வளவு? நாலு பேரா வந்தா ஏதாவது குறைப்பீங்களா?"