நூறு கில்டர் கொடுத்தும் முகம் தெரியவில்லை

வெளிநாட்டு மியூசியம் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஓவியத்தைப் பற்றிப் பேசிக் கேட்டதைவிட, கால்வலியைப் பற்றிப் பேசிக் கேட்டதுதான் அதிகம். எனவே ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தை நேரலையில், வழிகாட்டியோடு, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றதும் அம்மாவின் முழங்காலை உத்தேசித்து உடனே பணம் கட்டினேன்.

அங்கே காலை பத்து மணி. கோடைக்காலக் கணக்கில் நமக்குப் பகல் ஒன்றரை. அதாவது சாப்பாட்டு வேளை. கேமராவை அணைத்து வைத்தால் ரெம்பிராண்டின் எதிரில் உட்கார்ந்து வத்தக்குழம்பு சாப்பிடலாம். நேரில் போனவர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது.

வழிகாட்டி, கையில் செல்போனோடு ஒரு டச்சுப் பெண்மணி. ‘நான் பேசுவது கேட்கிறதா?’ என்று அவர் கேட்க, ‘கேட்கிறது’ என்று பாதிப் பேரும், ‘கேட்கவில்லை’ என்று மீதிப் பேரும் சொன்னார்கள். கேட்காதவர்களுக்குக் கேள்வி எப்படிக் கேட்டது என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஒரு வழியாக ‘இரவுக் காவல்’ முன்னால் வந்து நின்றோம். 1642இல் ரெம்பிராண்ட் வரைந்தது. நாலரை மீட்டர் அகலம். அது இரவே இல்லையாம். மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கறுத்து, பகல் இரவாகிவிட்டது. 2022இல் இந்த ஓவியத்தை 71,700 கோடி பிக்சலில் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், வண்ணத்தில் விழுந்த மயிரிழை விரிசல்வரை தெரியும். எங்கள் வீட்டு வைஃபைக்கு வந்து சேர்ந்ததோ பழுப்பாக ஒரு புகைமூட்டம். அதற்குள்ளிருந்து மஞ்சள் கோட்டு போட்ட ஒருவர் அவ்வப்போது எட்டிப் பார்த்தார்.

புகை கொஞ்சம் விலகியதும் அம்மா கேட்டாள்: “அந்தப் பொண்ணு இடுப்புல கோழியைத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்குதே, குழம்புக்கா?”

கேள்வியைச் சாட்டில் தட்டிவிட்டேன். வழிகாட்டிக்குப் பரம சந்தோஷம். கோழியின் கால்நகங்கள்தான் படத்தில் இருக்கும் காவல்படையின் சின்னமாம். ஓரத்தில் முரசு அடிப்பவரைப் பார்த்து ஒரு நாய் குரைக்கிறது, பாருங்கள் என்று அவர் செல்போனைத் திருப்பிய அதே நொடியில், மைக்கை அணைக்காத யாரோ ஒருவர் வீட்டு நாய் நிஜமாகவே குரைத்தது. நேரலையின் உச்சம் அதுதான். நேரில் போயிருந்தால் படத்து நாய் சும்மா வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கும்.

எனக்குப் பிடித்தது பண விவகாரம். அது கேப்டன் பானிங் கோக்கும் அவருடைய ஆட்களும் பணம் போட்டு வரையச் சொன்ன படம். தலைக்குச் சராசரி நூறு கில்டர். நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். அதுவரை இப்படிப்பட்ட படங்களில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கொடுத்த காசுக்கு முகத்தைக் காட்டுவதுதான் வழக்கம். ரெம்பிராண்ட் வரிசையைக் கலைத்துவிட்டார். கேப்டனுக்கு முழு உருவம், சிவப்புப் பட்டை, பக்கத்து ஆளின் கோட்டில் விழும் கைநிழல்கூட உண்டு. பின்னால் நிற்பவருக்குக் கண்ணும் நெற்றியும். கல்யாண குரூப் போட்டோவில் பெரியப்பாவின் தலைப்பாகைக்குப் பின்னால் மாட்டியவரைப் போல ஒருவர் எக்கிப் பார்க்கிறார், பாவம்.

காசு கொடுத்தவர்கள் எதிர்பார்த்தது அன்று என் லேப்டாப்பில் இருந்தது: ஆளுக்கு ஒரு கட்டம், எல்லாம் ஒரே அளவு, கீழே பெயர். அதில் பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு வத்தக்குழம்பு சாப்பிடுவது வேறு விஷயம்.

இருந்த முகமாவது தப்பித்ததா? 1715இல் நகர மண்டபத்துக்குப் படத்தைக் கொண்டுபோனார்கள். சுவரில் இடம் போதவில்லை. நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள்! இடப்பக்கம் பெரிய வெட்டு. இரண்டு ஆட்கள் அதோடு போனார்கள். லுண்டென்ஸ் என்பவர் அதற்கு முன்பே சிறிதாக ஒரு நகல் எடுத்திருந்ததால், அதை வைத்து 2021இல் கம்ப்யூட்டர் மூலம் விட்டுப்போன பகுதிகளை உருவாக்கிச் சில காலம் படத்தைச் சுற்றிப் பொருத்தி வைத்திருந்தார்கள்.

கடைசியில் ஆசியக் கூடம். அங்கே நம் சோழநாட்டு நடராஜர், ஒன்றரை மீட்டர் உயரத்தில். அவரை ரோட்டர்டாம் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், சுங்கத்துறை லாரிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரேயில் காட்டினார்களாம். உள்ளே கூடு இல்லை, திருவாசிகூடக் கெட்டி என்று தெரிந்ததாம்.

“இதுக்கு எதுக்கு லாரி மிஷின்? சுவாமிமலையில ஒரு ஸ்தபதியைக் கேட்டா, கன வார்ப்புன்னு உட்கார்ந்த இடத்திலேயே சொல்லியிருப்பாரே” என்றாள் அம்மா. இதை நான் தட்டிவிடவில்லை.

முகம் பார்த்துப் பேசலாம், எல்லோரும் கேமராவைப் போடுங்கள், கேள்விகள் இருந்தால் கேளுங்கள் என்றார் வழிகாட்டி. வரிசையாகக் கட்டங்கள் விழித்துக்கொண்டன. நான் கேள்வியை யோசிப்பதற்குள் அம்மா எழுந்து நின்று, திரையைப் பார்த்துத் தலைக்கு மேல் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். இந்தியாவிலிருந்து விடைபெறுகிறார்கள் என்று வழிகாட்டி நினைத்துவிட்டார் போலும். அவரும் கைகூப்பினார். அதைப் பார்த்து மற்ற கட்டங்களும் கைகூப்பின, சிலர் டாட்டா காட்டினார்கள். ‘நன்றி, நன்றி’ என்றார் வழிகாட்டி. திரை இருண்டது.

அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“அதுக்குள்ள நடை சாத்திட்டாங்களா?”