கூதிரில் குறிஞ்சி: ஐப்பசி மலைச் சுற்றுலாத் திட்டம் குறித்த ஓர் ஆய்வு

பயணம் பற்றித் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். பயணத்துக்குத் திட்டம் போடுவது பற்றி ஓர் ஏடும் கிடையாது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. அவற்றுள் பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம், நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு மலைவழியில் எங்கே வழுக்கும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும், ராத்திரி எங்கே தங்கலாம் என்று 583 அடியில் சொல்லிக்கொண்டு போகிறது. மலைச் சுற்றுலாவுக்குத் தமிழில் எழுந்த முதல் கையேடு அதுவே என்பது இக்கட்டுரையாளனின் துணிபு. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஜன்னலோரம் யாருக்கு, முன்பணம் யார் கொடுத்தது, 'நான் வரல, நீங்க போயிட்டு வாங்க' என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் முதல் ஆளாய்க் குளித்து நின்ற ஆச்சி யார் வீட்டு ஆச்சி என்ற அடிப்படை வினாக்களுக்குப் புலவர் விடை சொல்லவில்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது.

ஆய்வுக்களம் ஆழ்வார்திருநகரி. ஆய்வுப்பொருள், ஒரு கூட்டுக் குடும்பம் ஐப்பசியில் மூன்று நாள் மலைக்குப் போவதற்காகப் போட்ட திட்டம். போனதா என்பது பின்னால் வரும்.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் குறிஞ்சிக்குப் பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் வைத்தார். சிறுபொழுது யாமம். கூதிர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஆகவே மலைக்குப் போக இலக்கணம் ஒப்பிய காலம் ஐப்பசி. போய்ச் சேர ஒப்பிய நேரம் நடுராத்திரி. காலை ஐந்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி எட்டரைக்கு வரும் வேன்காரர்கள் அனைவரும் இரண்டாம் விதியை ஓதாமலே உணர்ந்தவர்கள்.

எங்கள் ஊர் மருதம். தாமிரபரணிப் பாசனம், வயல், வாழை. கிழக்கே போனால் புன்னைக்காயலும் திருச்செந்தூரும் நெய்தல். தெற்கே குதிரைமொழித் தேரியின் செம்மணலில் வெயில் நேரத்தில் இறங்கினால் பாலைக்கு உரையே வேண்டாம். வல்லநாட்டில் வெளிமான் திரியும் காட்டை முல்லை என்று கொள்ளலாம். ஒரு நாள் பஸ் செலவில் நான்கு திணை கிடைக்கிற ஊர்க்காரன் ஐந்தாவதற்கு ஏங்குவது இயற்கை.

இந்த ஏக்கத்தைக் கிளப்பிவிட்டவன் யோகோஹாமாவில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன். ஜப்பான்காரர்கள் இலையுதிர்காலத்தில் மலைக்குப் போய் மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்கிறார்கள். சிவப்பு வடக்கே ஹொக்கைடோ மலைகளில் செப்டம்பரிலேயே தொடங்கித் தெற்கே இறங்கி நவம்பர் கடைசியில் கியோட்டோவுக்கு வருகிறது. எந்த ஊரில் எப்போது சிவக்கும் என்று முன்னறிவிப்பே வெளியிடுகிறார்கள். அவன் கிசோ பள்ளத்தாக்கில் மகோமேயிலிருந்து ட்சுமகோ வரை பழைய சாலையில் நடந்தானாம். மலை பஸ் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வரும் என்று கட்டம் போட்டு எழுதிய தாள் ஒன்றையும் படம் பிடித்து அனுப்பினான். பெட்டியை அடுத்த விடுதிக்கு முன்னாலேயே அனுப்பிவைக்க அங்கே ஆள் உண்டாம்.

தாத்தா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "எல பாக்கதுக்கா மலைக்குப் போறான்? நம்ம கோயில் புளியமரம் ராத்திரியிலும் எல மூடாதுன்னு சொல்லி ஊர் ஊரா வந்து பாத்துட்டுப் போறான். நமக்கு எதுக்குலே அலைச்சல்?" உறங்காப்புளியைச் சான்று காட்டி எழுந்த இம்மறுப்பு வலுவானது. ஆயினும் அவை அதை ஏற்கவில்லை. அவையில் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டோர் மிகுதி.

நாள் குறித்தல்

இங்கேதான் இலக்கணம் ஒன்று, வழக்கு வேறொன்று. புரட்டாசியில் போகலாம் என்றால் சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கு வருகிற கூட்டத்தில் பாதி நம் சொந்தக்காரர்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். ஐப்பசி பிறந்ததும் விசு. பிறகு தீபாவளி. தீபாவளிக்கு முந்திய வாரம் தையற்கடைக்காரரை விட்டு யாரும் நகர முடியாது. பிந்திய வாரம் வயிறு சரியிருக்காது. அமாவாசை கழிந்ததும் திருச்செந்தூரில் கந்த சஷ்டி. ஆறு நாளும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மைனி வேறு விரதம்.

இவை ஊருக்கெல்லாம் பொது. எங்கள் ஊருக்கே உரிய தடை ஐப்பசி மூலம். மணவாள மாமுனிகள் 1370-இல் இங்கே பிறந்த நட்சத்திரம் அது. அந்த உற்சவத்தின்போது ஊரைவிட்டுப் போவது எப்படி என்று பெரியப்பா கேட்டார். மாமுனிகளே ஊரைவிட்டு ஸ்ரீரங்கம் போனவர்தானே என்று அத்தான் சொன்னது தருக்க முறைப்படி சரி. உறவு முறைப்படி தவறு. பெரியப்பா இரண்டு நாள் பேசவில்லை. குறிஞ்சியின் உரிப்பொருளாகிய புணர்தலை நாடிப் புறப்பட்ட குடும்பம் முதல் கூட்டத்திலேயே மருதத்தின் ஊடலுக்கு வந்துவிட்டதை ஆய்வாளர் குறித்துக்கொள்க.

இவ்வளவையும் கழித்து எஞ்சிய நாட்களை மழை எடுத்துக்கொள்கிறது. ஜப்பானில் எந்த நாள் இலை சிவக்கும் என்று பார்க்கிறார்கள். இங்கே எந்த நாள் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் தாழும் என்று பார்க்கிறோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பேரோடு வெள்ளத்தில் சிக்கி நின்றது. அன்று மார்கழி பிறந்த நாள். இலக்கணப்படி கூதிர் முடிந்து முன்பனி. மழை பொருளதிகாரம் படிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஐப்பசிக்கு மேல் யார் எங்கே போவதாகச் சொன்னாலும் வீட்டுப் பெண்கள் முதலில் வானத்தைப் பார்க்கிறார்கள். அதில் கேலிக்கு இடமில்லை.

இடம் தேர்தல்

சித்தி கட்சி குற்றாலம். இது ஆராயாமல் சொன்ன கட்சி. குற்றாலச் சாரல் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று தருவது. ஐப்பசியில் வருவது வடகிழக்கு. அது சாரல் அடிக்காது, சாத்தும். அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. தடைக்கயிற்றுக்கு இப்பால் நின்று தலையில் எண்ணெயோடு அருவியைப் பார்ப்பதற்கு மூன்று நாள் எதற்கு?

அத்தான் கட்சி மாஞ்சோலை. மணிமுத்தாறு அணை தாண்டி ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 8,374 ஏக்கர் காட்டை 99 வருடக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்து எழுந்த தேயிலைத் தோட்டங்கள் அவை. சுற்றி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். மேலே போக வனத்துறை அனுமதி வேண்டும். குளிர் உண்டு, மேகம் உண்டு, கடை இல்லை என்று அத்தான் அடுக்கினார். கடைசிக் காரணம் மாமாக்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

இங்கே மைனி ஒன்று கேட்டாள். 2024-இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களைக் கீழே அனுப்பியதே, அவர்கள் சட்டி பானையோடு இறங்குகிற ரோட்டில் நாம் குல்லா போட்டுக்கொண்டு ஏறுவதா? யாரும் பதில் சொல்லவில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் இப்படிப்பட்ட கேள்விகளை 'எதிர்கால ஆய்வுக்குரியது' என்று ஒதுக்குவது மரபு. அத்தானும் அப்படியே செய்தார்.

தாத்தா கட்சி வல்லநாடு. அதுவும் மலைதான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இக்கட்சிக்கு வேறு உறுப்பினர் இல்லை.

கட்டுச்சோறு

திட்டத்தில் மாறாத பகுதி இது ஒன்றே. எங்கே போவது என்று முடிவாகுமுன் என்ன கொண்டுபோவது என்று முடிவாகிவிட்டது. ஆச்சி முந்திய நாளே புளிக்காய்ச்சல் வைத்துவிடுவாள். நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை இறக்கமாட்டாள். விடியலில் வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரத்தி, விசிறியால் ஆற்றி, காய்ச்சலை விட்டுக் கையால் கிளறும்போது ஒரு பருக்கையும் உடையக்கூடாது. வாழை இலையைக் கேஸ் அடுப்பில் முன்னும் பின்னும் காட்டி வாட்டினால் பச்சை கறுத்து இலை துணியாகத் துவளும்; நடு நரம்பைச் சீவிவிட்டுப் பொதிந்து நூலால் கட்டுவாள். யார் பொதி என்று முடிச்சைப் பார்த்தே சொல்லிவிடலாம்: ஒற்றை முடிச்சு காரம் குறைந்தது, பிள்ளைகளுக்கு. இரட்டை முடிச்சு தாத்தாவுக்கு, வற்றல் கூடுதல். பெட்டியை முன்னால் அனுப்பும் ஜப்பானியனிடம் இந்தப் பொதியை ஆச்சி நம்பிக் கொடுப்பாளா என்பது ஐயத்துக்குரியது.

வேனுக்குள் இடப் பங்கீடு பற்றித் தனி ஆய்வு தேவை. வாந்தி எடுப்பவருக்கு ஜன்னலோரம் என்பது பொதுவிதி. இவ்விதி அறிவிக்கப்பட்டவுடன் அதுவரை திருநெல்வேலி தாண்டாத பிள்ளைகளும் தமக்கு வாந்தி வரும் என்று சத்தியம் செய்ததால் விதி கைவிடப்பட்டது.

போகாமைக் கொள்கை

இவ்வூரில் போகாமைக்கு நீண்ட மரபு உண்டு. நம்மாழ்வார் 16 ஆண்டு புளியமரத்தடியை விட்டு நகரவில்லை என்பது குருபரம்பரை. அங்கிருந்தபடியே எத்தனையோ ஊர்ப் பெருமாள்களைப் பாடினார். பயணப்பட்டவர் மதுரகவி, அயோத்தியிலிருந்து ஒளியொன்றைக் குறிவைத்து நடந்து இந்த மரத்தடிக்கே வந்து சேர்ந்தார். பக்கத்துத் திருக்கோளூரிலிருந்து புறப்பட்டு வந்த பெண்பிள்ளை, எதிரே வந்த ராமானுசரிடம் தான் ஏன் கிளம்பினேன் என்பதற்கு 81 வாக்கியம் சொன்னாள். சொல்லி முடித்து, அவரையும் அழைத்துக்கொண்டு ஊருக்கே திரும்பினாள். இப்பகுதியில் பயணத் திட்டங்களின் இயல்பான போக்கு இதுவே. ஆச்சி இந்த மரபில் வந்தவள். "பொதிகைத் தண்ணி நம்ம படித்துறைக்கே வருது. அது வந்த வழியே நாம எதுக்கு ஏறிப் போவணும்?" என்றாள்.

முடிவு

மாஞ்சோலை என்று முடிவாகி வேனுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. கிளம்புவதற்கு முந்திய ராத்திரி காற்றழுத்தம் தாழ்ந்தது. மலைமேல் யாரையும் விடவில்லை. முன்பணம் திரும்பாது. புளியோதரை பொதி கட்டியாயிற்று. ஜன்னலோரப் பிள்ளைகள் விடிவதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வேன் திருச்செந்தூருக்குப் போனது.

வழியெல்லாம் அத்தான் நிறுவிக்கொண்டே வந்தார். குறிஞ்சிக்குத் தெய்வம் சேயோன் என்று தொல்காப்பியர் சொல்லியாயிற்று. ஆறுபடை வீடுகளில் கடற்கரையில் இருப்பது இது ஒன்றே என்பதால் அது நெய்தல் ஆகிவிடாது. தெய்வம் எந்தத் திணையோ நிலமும் அந்தத் திணை. வள்ளி குறவர் மகள், சுத்தக் குறிஞ்சி. கரையில் வள்ளிக் குகை இருக்கிறது. மலை இல்லாமல் குகை ஏது? தலபுராணமே அந்த இடத்தைக் கந்தமாதன மலை என்கிறது. ஆகவே நாம் திட்டமிட்டபடி கூதிரில் குறிஞ்சிக்கே போகிறோம் என்று அவர் முடித்தபோது வேன் குரும்பூர் தாண்டியிருந்தது. தாத்தாகூட மறுக்கவில்லை.

இவ்வளவையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்த டிரைவர் சாயங்காலம் வீட்டு வாசலில் கணக்கு முடிக்கும்போது சொன்னார்: "அப்போ ஹில்ஸ் சார்ஜும் சேத்துக் கொடுத்திருங்க, அண்ணாச்சி."