ஒரு வாரத்து வித்துவான்

கல்கத்தா பெஹாலா சௌரஸ்தாவுல டாட்டூ கடை போடப்போறியாமே பேராண்டி? பேஷ்! ஒரு வாரக் கோர்ஸு, கண்ணாடி மாட்டின சர்ட்டிபிகேட்டு. அம்புட்டு நாளா இழுத்தடிச்சானுக?

பழைய கடைக்காரன் முகஞ்சுளிக்கிறான்னு பொலம்புறியே, அவன் சொல்றதுல பாதி நெசம். மீதி கல்லாப்பெட்டி. காலையில ‘தொழிலோட மானம் போச்சு’ம்பான், சாயங்காலம் அவனே கோர்ஸு நடத்தி உன்னை மாதிரி ஆளுககிட்ட துட்டு வாங்குவான். வாசக்காவலும் அவனே, சீட்டு விக்கிறவனும் அவனே!

நம்மூருப்பக்கம் பச்சை குத்த வந்த குறத்திக்கு ஏது சர்ட்டிபிகேட்டு? மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில திரியாச் சுருட்டி, விளக்கெண்ணெயில எரிச்சு, அந்தக் கரியைத் தாய்ப்பால்ல குழைப்பாங்கன்னு நம்ம சனங்க வழக்கத்தை ஆராய்ஞ்ச தர்ஸ்டன் துரை 1906லயே எழுதி வச்சிருக்காரு. வலி தெரியாம இருக்கப் பாட்டு வேற. ஆத்தா பக்கத்துல உக்காந்து பழகின கைடா அது. என்ன, ஊருக்கே ஒரே ஊசி. அதை மட்டும் நீ பழகிராத.

கத்துக்க எவ்வளவு நாளாகும்னு பாக்கணுமா, துர்கா சிலை செய்யுற குமார்துலிக்கு ஒரு நடை போய்ட்டு வா. வைக்கோல் கட்டுறதும் மண்ணு மிதிக்கிறதுமா வருசக்கணக்குல கெடக்குறான் பய. மகாளயாவுக்கு அம்மனுக்குக் கண்ணு எழுதுறது மூத்த கைதான். அவ்வளவு பாடும் விஜயதசமியோட ஆத்துல கரையப்போற சிலைக்கு! நீ குத்துறது கரையாதே ராசா.

ஊசி எறங்க வேண்டியது ஒண்ணு, ரெண்டு மில்லிமீட்டர். மேலாப்புல நின்னா சீக்கிரம் மங்கும், ஆழம் போனா மை படர்ந்து எழுத்து வீங்கும். திரும்ப எடுக்குற குழாயும் பிடியும் ஆட்டோகிளேவுல 121 டிகிரியில 15 நிமிசமாவது வேகணும். ஊசி ஒரு ஆளுக்கு ஒண்ணு, அப்புறம் குப்பை. இதெல்லாம் அந்த ஒரு வாரத்துல எந்தக் கெழமை வந்துச்சு?

டாக்டர் பட்டம் இல்லாமலே பச்சை குத்தலாம்னு ஜப்பான் சுப்ரீம் கோர்ட்டு 2020ல தீர்ப்புச் சொல்லியிருக்கு. அதையும் பிரேம் போட்டு மாட்டிக்க. ஆனா பச்சை குத்தினவன் ஒரு வருசம் ரத்தம் குடுக்கக் கூடாதுன்னு நம்ம ரத்த வங்கி சொல்லுதே, அதை மறைச்சு வையி. உங்க மேல அம்புட்டு நம்பிக்கை அவனுக்கு!

சரி, பூஜைக்கு முன்ன கடையைத் தொறந்துரு. மொதக் கிராக்கி யாரு, உன் மாமனாரா? முன்கையில ‘மா’ன்னு வங்காளத்துல வேணுமாமா? மொதல்ல உன் தொடையில குத்திக் காட்டுடா. அந்த மனுசன் ரிட்டையரு ஆனாலும் போலீஸ்காரரு.