கந்தசாமி மகன் முருகேசன் மகன் கந்தசாமி

2025 நவம்பரில் தமிழ்நாடே வம்சாவளி ஆராய்ச்சியில் இறங்கியது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று ஒரு படிவம் வீடு வீடாக வந்தது. 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் நீங்கள் இருந்தீர்களா, இல்லையென்றால் உங்களைப் பெற்றவர்களாவது இருந்தார்களா, எந்தத் தொகுதி, எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்று அது கேட்டது. அதுவரை காலை வணக்கம் அனுப்ப மட்டுமே செல்போன் வைத்திருந்த எங்கள் சைதாப்பேட்டைப் பெரியவர்கள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு காலமான தகப்பனாரை பிடிஎஃப்பில் தேடினார்கள். “எங்கப்பா கெடச்சுட்டாரு!” என்று ஒருவர் கத்த, டீ மாஸ்டர் உட்படப் பலரும் கை குலுக்கினார்கள்.

என் அப்பாவும் கிடைத்தார். ஓட்டுப் போடுவதைத் தவிர அரசாங்கத்தோடு வேறு எந்தப் பழக்கமும் வைத்துக்கொள்ளாத மனுஷன். படிவத்தைக் கொடுத்ததும் தெருவில் எல்லோரும் அத்தோடு விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. அப்பா கிடைத்தால் தாத்தா கிடைக்க மாட்டாரா? தாத்தா கிடைத்தால் கொள்ளுத்தாத்தா? பணி ஓய்வு பெற்றவனுக்கு இப்படித்தான் புத்தி போகும் என்றாள் மனைவி.

முதலில் ஒரு வெளிநாட்டு வம்சாவளித் தளத்துக்குள் நுழைந்தேன். வாசலிலேயே குடும்பப் பெயரைக் கேட்டது. சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேட்டது. இனிஷியலை மட்டும் வைத்துக்கொண்டு உலகத்தைச் சமாளித்த இனம் நாம். குடும்பப் பெயருக்கு எங்கே போவது? அப்பா பெயரைப் போட்டேன். அடுத்த கட்டத்தில் அப்பாவுக்குக் குடும்பப் பெயர் கேட்டது. தாத்தா பெயரைப் போட்டேன். அங்கேதான் சிக்கல். எங்கள் வீட்டில் முருகேசன் மகன் கந்தசாமி, கந்தசாமி மகன் முருகேசன். கையிருப்பே இரண்டு பெயர்தான். தாத்தாவும் நானும் ஒரே ஆளாக இருக்கலாம், இணைத்துவிடட்டுமா என்று தளம் பணிவோடு கேட்டது. பாட்டி இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள். நான் பிறந்த அன்று அவள் சொன்னதும் அதுதானாம்.

உறவுமுறை இன்னும் மோசம். தாத்தா கட்டியது சொந்த அக்காள் மகளை. பெரியப்பா கட்டியது அத்தை மகளை. தறி போட்டிருந்த குடும்பம் என்பதாலோ என்னவோ, பாவும் ஊடுமாக அப்படி நெய்து வைத்திருக்கிறார்கள். ஒரே கிழவியை நான் ஒரு வழியில் பாட்டி என்றும் இன்னொரு வழியில் அத்தை என்றும் கூப்பிடலாம். அவளை எந்தக் கிளையில் தொங்கவிடுவது என்று தெரியாமல் அந்தத் தளம் சிவப்பு விளக்கு எரிய விட்டது.

சரி, பிறப்புப் பதிவேடு இருக்கிறதே என்று அந்தப் பக்கம் திரும்பினேன். சென்னை மாநகராட்சியின் இணையதளத்தில் பிறப்புச் சான்றிதழை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் சைதாப்பேட்டை மாநகராட்சியோடு சேர்ந்ததே 1946இல்தான். அப்பா பிறந்தது அதற்கு முன்னால். எப்போது என்று அத்தையைக் கேட்டேன். தொண்ணூறைத் தொட்டவள். “ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணமே ஓடிச்சே, அப்ப உங்கப்பா வயித்துல” என்றாள். 1942 ஏப்ரலில் சென்னை காலியானது சரித்திரம். ஆனால் பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்பாவின் பிறந்த தேதி ஜூன் 1. அவர் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம்தான். ஹெட்மாஸ்டர் பேனாவில் பிறந்தவர்கள். அதுவும் போகட்டும். பாட்டி ஓடியது எங்கே? காஞ்சிபுரத்துப் பக்கம், தன் தாய் வீட்டுக்கு. குண்டு விழாவிட்டாலும் பிரசவத்துக்கு அங்கேதான் போயிருப்பாள். ஆக, சைதாப்பேட்டைக்காரன் பிறந்ததை வேறு ஊர்க் கணக்கில் தேட வேண்டும். தேடிக் கிடைத்தாலும் பெயர்க் கட்டத்தில் என்ன இருக்கும்? பேர் வைக்கும் முன்பே பதிவாகிவிட்டால், ஆண் குழந்தை என்று மட்டும் இருக்கும். எங்கள் பரம்பரையில் ஆண் குழந்தைகள் பிறந்தார்கள் என்பதற்கு எனக்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

பழைய காகிதங்கள் இங்கே நிறைய இருந்திருக்க வேண்டிய ஊர்தான் இது. 1859லிருந்து 1968 வரை செங்கல்பட்டு ஜில்லாவுக்குத் தலைநகரமே சைதாப்பேட்டைதான். பிறகு கலெக்டர் ஆபீஸ் காஞ்சிபுரம் போனது. எங்கள் ஆட்கள் காஞ்சிபுரத்தை விட்டு இங்கே வந்தார்கள், கலெக்டர் இங்கிருந்து அங்கே போனார். வழியில் சந்தித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

இதே ஊரில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரனின் பேரனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மெட்ராஸ் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வடக்கே ஹரித்வாரிலும் பிரச்சினை இல்லை. ஊரையும் சாதியையும் சொன்னால் பண்டா என்னும் புரோகிதர் நீள ஏட்டை விரித்து, உங்கள் பாட்டனார் எப்போது வந்தார், யாருடன் வந்தார் என்று வாசிப்பார். அமெரிக்க மார்மன் சபையார் அந்த ஏடுகளைப் படமே பிடித்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் எல்லாம் தலைகீழ். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்து வைப்பவர் நம்மைப் பார்த்துப் பெயர் கேட்பார். மூன்று தலைமுறை சொன்னால் போதும். எனக்கு அது சுலபம்: முருகேசன், கந்தசாமி, முருகேசன்.

ஊரிலேயே பெயர் நின்றவர் யாரென்று பார்த்தால் ஓர் ஆர்மீனியர். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற வியாபாரி 1726இல் சொந்தப் பணத்தில் அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டினார். மர்மலாங் பாலம், இப்போது அந்த இடத்தில் நிற்பது மறைமலையடிகள் பாலம். கட்டியதைப் பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என மூன்று மொழியில் கல்லில் வெட்டி வைத்தார். நாள் தவறாமல் பாலத்தில் நடந்தவர்களின் மொழி அந்த மூன்றில் இல்லை. எங்கள் ஆட்கள் அந்தக் கல்லைத் தறியில் ஏற்றிய நூலுக்குச் சமமாக மதித்திருக்க மாட்டார்கள்.

கல்லை விட்டுப் பழைய கணக்குகளின் பக்கம் திரும்பினேன். 1767இலிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனி இன்ஜினியர் செங்கல்பட்டு ஜாகிரில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். எத்தனை வீடு, என்ன தொழில், என்ன விளைச்சல், அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம் கணக்கு. அதோடு தொடர்புடைய ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. படித்தபோது புல்லரித்தது. அளந்தவன் ஏன் அளந்தான் என்று யோசித்தபோது அடங்கியது. வரி! யாரிடம் வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்று பார்ப்பவன்தான் நம்மை எழுதி வைக்கிறான்.

அதன் பிறகுதான் எனக்கு வழி புலப்பட்டது. சொத்து இருக்கும் இடத்தில் தேட வேண்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975லிருந்து வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் மனுப் போட்டுப் பழைய புத்தகங்களைத் தேடச் சொல்ல வேண்டும். கிராமத்துப் பூர்வீக மனையின் சர்வே எண்ணைப் போட்டேன். பெரிய தாத்தா எழுந்து வந்தார்.

தாத்தாவின் அண்ணன். வீட்டில் அவர் பெயரைச் சொன்னாலே அத்தை வாசல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு குட்டிச்சுவருக்காகப் பங்காளிகளோடு கோர்ட்டுக்குப் போனவர். அந்தச் சண்டையில் பிறந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை வாங்கிப் பார்த்தால், நான் தேடிய சகலமும் அதில்! காலஞ்சென்ற இன்னாரின் குமாரர், அவருக்கு இரண்டு தாரம், மூத்த தாரத்துக்கு வாரிசில்லை, இளைய தாரத்துக்கு மூன்று ஆண் இரண்டு பெண், பெண்களுக்குச் சீர் கொடுத்துத் தீர்ந்தது என்று ஐந்து தலைமுறை. நான்கெல்லை சொல்லும் இடத்தில் கிழக்கே இருந்த வேப்பமரம் வரை எழுதியிருந்தார் பத்திர எழுத்தர். பிளீடரும் குமாஸ்தாவும் சேர்ந்து, எதிர்க்கட்சிக்காரனுக்குப் பங்கில்லை என்று நிரூபிக்கும் வெறியில், எந்தப் புலவனும் செய்யாத அளவு எங்கள் குலத்தைப் பாடி வைத்திருந்தார்கள்.

என் சொந்தத் தாத்தா? யாரோடும் சண்டை போடாதவர். கடன் வாங்காதவர். வாடகை வீட்டில் இருந்து, காரணீஸ்வரர் கோயில் திருவிழாவுக்குச் சந்தா கொடுத்து, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தவர். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்தாக ஒரு மூலையில் நிற்கிறார். அவ்வளவுதான். இனிஷியல்கூட மசியில் அமுங்கிவிட்டது.

அப்பாவும் அவரைப் போலத்தான். நானும் இதுவரை அப்படியே இருந்துவிட்டேன். இப்போதுதான் பார்க்கிறேன், பக்கத்து வீட்டு சன்ஷேட் எங்கள் மனைக்குள் அரை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக மழைக்கு அதன் கீழேதான் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன். ஆனாலும் பேரப்பிள்ளைகளின் பிற்காலத்தை நினைக்க வேண்டாமா? பக்கத்து வீட்டுக்காரரும் அந்த நவம்பரில் அப்பாவைத் தேடி அலைந்தவர்தான். விவரத்தைச் சொன்னால் வழக்குக்கு ஒத்துழைப்பார் என்று நினைக்கிறேன். வக்கீல் பீஸை ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளலாம்.