இரண்டு சேர்மன்கள்

எடப்பாடிக்குக் கிழக்கே சேலம், தெற்கே பவானியைத் தாண்டினால் ஈரோடு. இன்று நம் தறிக்காரர்கள் துண்டு மூட்டையோடு போகிற இந்த இரண்டு ஊர்களிலும் 1918 வாக்கில் நகராட்சி சேர்மன்களாக எழுத்தாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதாவது, எழுதித் தள்ளப்போகிறவர்கள். சேலத்தில் வக்கீல் ராஜாஜி, ஈரோட்டில் மண்டி வியாபாரி ஈ.வெ.ரா. இருவரும் நண்பர்கள்.

அந்தக் காலத்து சேர்மனுக்குச் சாக்கடையும் கொசுவும்தான் ராஜ்யம். ராஜாஜியோ 1916-ல் ஒரு கழகம் தொடங்கி, விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்தார். ‘குழாயில் காற்று வருகிறது, சேர்மன் அதற்குப் பெயர் வைக்கிறார்’ என்று யாரும் மனு போட்டதாகத் தகவல் இல்லை. பிறகு அக்ரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையை ஒரு தலித் தொழிலாளியிடம் கொடுத்தார். அக்ரகாரம் கொதித்தது. பரிகாரம் தேடிச் சாஸ்திரத்தைப் புரட்டி முடிப்பதற்குள் தாகம் எடுத்திருக்கும்.

ஈ.வெ.ரா., பூலாம்பட்டியில் நம்மைத் தொட்டுவிட்டுப் போகும் அதே காவிரியைக் குழாயில் ஏற்றினார், தெருக்களை அகலப்படுத்தினார். காங்கிரசுக்கு வாருங்கள் என்று ராஜாஜி இழுத்ததும், வகித்த 29 பொதுப் பதவிகளையும் உதறினார். இன்று ஒன்றை விடச் சொன்னாலே நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிடுகிறார்கள்.

பதவி போனாலும் சேர்மன் புத்தி போகவில்லை. 1935-ல் ஈ.வெ.ரா. ‘குடி அரசு’ பத்திரிகையில் எழுத்துகளின் ஆக்கிரமிப்பை அகற்றக் கிளம்பினார். அன்று ‘லை’யும் ‘னை’யும் தலைக்கு மேல் தூக்கிய தும்பிக்கை, ‘ணா’வும் ‘றா’வும் காலடியில் சுருட்டிய வால், எல்லாவற்றுக்கும் இடிப்பு நோட்டீஸ். அரசாங்கம் அதில் கையெழுத்துப் போட 1978 ஆனது. கோப்பு நகரும் வேகம் சேர்மனுக்குத் தெரியாததா! ராஜாஜி 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவிலிருந்தே ஆரம்பித்தார். தண்ணீர் திறந்துவிட்ட ஊரிலேயே ‘தண்ணி’யை அடைத்தார்.

1938-ல் இந்திச் சண்டை. நண்பரின் அரசாங்கமே ஈ.வெ.ரா.வை ஜெயிலில் போட்டது. தொண்டர்கள் பரம வைரிகள் என்றே நம்பினார்கள். 1949-ல் திருவண்ணாமலையில் மாஜி சேர்மன்கள் தனியாகச் சந்தித்தபோது நாடே காது கொடுத்தது: திராவிட நாடா, கூட்டணியா?

கல்யாண விஷயம். ராஜாஜி வேண்டாம் என்றார். பெரியார் பண்ணிக்கொண்டார்.