ஆசிரியர்க்குப் பலகாரம் ஈதல்: சங்கரன்கோவில் சம்படங்களை முன்வைத்து

டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்தார். 1962 முதல் அந்நாள் ஆசிரியர் தினம். அன்று காலை சங்கரன்கோவில் தெருக்களில் மாணாக்கர் கைகளில் ஊர்ந்து செல்லும் எவர்சில்வர் சம்படங்கள் குறித்து இதுகாறும் முறையான ஆய்வு நிகழாதது தமிழாய்வுலகுக்கே தலைகுனிவு. இக்கட்டுரை அக்குறையை நீக்குகிறது. 'சம்படம்' என்ற சொல்லின் வேர் வேறொரு பன்னாட்டுக் கருத்தரங்குக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. பதிவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது.

முதலில் இலக்கணச் சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பாடம் கேட்கத் தகுந்தவர் என்று அறுவரை அடுக்கும்போது, பொருளை நிறையக் கொடுப்பவனுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார். அப்பொருள் தட்டையாகவோ அதிரசமாகவோ இருக்கக் கூடாதென்று அவர் எங்கும் தடுக்கவில்லை. தடுக்காததெல்லாம் ஆதாரம் என்பது நம் ஆய்வுநெறி. மேலும், கடைமாணாக்கருக்கு அவர் சொன்ன உவமைகளுள் ஒன்று நெய்யரி: நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்வது. முனிவர்க்கு அடுக்களைப் பழக்கம் இருந்தது இதனால் நிறுவப்படுகிறது.

பலகாரம் மூவகைப்படும்: வீட்டில் செய்தது, கடையில் வாங்கியது, கடையில் வாங்கி வீட்டுச் சம்படத்துக்கு மாற்றியது. இரண்டாவதில் ஆய்வாளருக்கு வேலையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இலும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இலும் புவிசார் குறியீடு கொடுத்து அரசே முந்திக்கொண்டது. மூன்றாவது இடைச்செருகல். எல்லா முறுக்கும் ஒரே அளவாக இருந்து, ஒன்றுகூடக் கருகவில்லையெனில் ஐயுறுக.

அல்வா: 2019-இல் சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தோடு போய்விட்டபடியால் திருநெல்வேலிக்காரர் பார்த்துக்கொள்வர்.

கேக்: பவணந்தி சமணர், முட்டை சேர்வதால் விடப்பட்டது.

இனி, இனிப்பா காரமா என்னும் பூசல். சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று மல்லுக்கட்டியதும், கோமதியம்மன் தவமிருந்து இருவரையும் ஓருருவில் கண்டதும் ஆடித்தபசுதோறும் இவ்வூர் நினைக்கிற தலவரலாறு. அதே தீர்ப்பை இவ்வூர்த் தாய்மார் சம்படத்துக்குள் எழுதியிருக்கின்றனர்: வலப்பாதியில் ரவா லட்டு, இடப்பாதியில் தேன்குழல், நடுவே வாழையிலைக் கீற்று. இதற்குச் 'சங்கரநாராயணச் சம்படம்' எனப் பெயரிடுகிறேன். எடுத்தாள்வோர் என் பெயரை விடாது குறிக்க. கோயிலில் நிலைத்த அச்சமரசம் பள்ளியில் முதல் பிரியடைத் தாண்டுவதில்லை. இலையின் ஈரம் ஏறித் தேன்குழல் நமத்துவிடும். கணக்கு நோட்டு இடித்து லட்டு உடைந்து, தேன்குழலின் துளைக்குள் ரவை புகுந்துகொள்ளும் (காண்க: மேற்படி சம்படம், மூடி, உட்புறம், நெய்க்கறைக்குத் தென்மேற்கே).

"எதுக்குல இதெல்லாம்?" என்று டீச்சர் கேட்பதும், "அம்மா குடுத்துவிட்டாவ டீச்சர்" என்று பையன் நெளிவதும் சடங்கு. பையன் காதில் ஒலிப்பதோ வாசல்வரை வந்து அம்மா இட்ட ஆணை: "சம்படத்த மறந்துட்டு வந்தேன்னா வீட்டுக்குள்ள வராத, என்ன?"

இங்கேதான் கல்வெட்டியல் தொடங்குகிறது. சம்படத்தைக் கவிழ்த்தால் அடியில், பாத்திரக்கடையில் பேர் வெட்டியபோது புள்ளி புள்ளியாக விழுந்த எழுத்து: தலைப்பெழுத்து, பெயர், கல்யாணத் தேதி. சபீனா போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தேதி பாதி போயிருக்கும். எஞ்சுவது பெயர். அம்மன் பெயரே ஊரில் பாதிப் பெண்களுக்கு என்பதால், ஆசிரியர் அறை மேசையில் கவிழ்த்த சம்படமெல்லாம் கோமதி. பாண்டியர் வரலாறு எழுதியோர்க்கு இவ்விடர் புதிதன்று. மாறவர்மனும் சடையவர்மனும் மாறி மாறி வந்து, ஆளுக்கொரு சுந்தரனாகவும் குலசேகரனாகவும் வீரனாகவும் நின்றுவிட, வரலாறு எழுதியோர் எண் போட்டுப் பிரித்தார்கள். பிறகு ஒருவர் போட்ட எண்ணை இன்னொருவர் அடித்தே ஓய்வு பெற்றார்கள். அதே நெறியில் நானும் முதலாம் கோமதி (மூடி நெளிந்தது), இரண்டாம் கோமதி (மூடியே இல்லாதது), மூன்றாம் கோமதி (மாமியார் சீராகக் கொண்டுவந்தது) எனப் பகுத்துள்ளேன். மூன்றாமவர் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு (காண்க: தூக்குவாளி, அடிப்புறம், வரி 2; ஒப்புநோக்குக: அதே வாளி, வெயிலில் சாய்த்துப் பிடித்து; மறுப்பு: பக்கத்து வீட்டுச் சித்தி, சுவர் மேலிருந்து, வெளிவராத உரை; மறுப்புக்கு மறுப்பு: அச்சித்தியின் நாத்தனார், அதே சுவர், மறுபக்கம், குக்கர் விசில் இடையிட்டதால் சிதைந்த பாடம்).

வெறும் சம்படத்தைத் திருப்பித் தரலாகாது என்பது வழக்கம். ஆகவே டீச்சர் ஒரு பிடி சீனி போடுவார், அல்லது ரெண்டு பழம். கோயிலுக்குப் போய்வந்திருந்தால் புற்றுமண் பொட்டலம். வாங்கிக்கொண்ட அம்மா சும்மா இருப்பாரா? சரஸ்வதி பூஜைக்குச் சுண்டலோடு சம்படம் மறுபடி கிளம்பும். இச்சுழற்சி அறுபட ஒரே வழி டீச்சருக்கு டிரான்ஸ்ஃபர்.

இம்மரபின் முதிர்ந்த வடிவம் பல்கலைக்கழக வாய்மொழித் தேர்வில் காணக் கிடைக்கிறது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முதல் கேள்வியைக் கேட்குமுன் இனிப்பு, காரம், காப்பி வந்து இறங்கும்; செலவு ஆய்வாளருடையது. அங்கே யாரும் "எதுக்குல இதெல்லாம்?" என்று கேட்டதாகச் சான்றில்லை. பரிமாறப்படுவது பேப்பர் தட்டில், திருப்பித் தர வேண்டியதுமில்லை. ஆகவே அது இவ்வாய்வின் எல்லைக்குள் வரவில்லை.